வானத்தைச் சாட்சிக்கு அழைத்த கணித ஆசான்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கல்விப் பெருமை பேசப்படும் மேடைகளில் பாடசாலைகளின் பெயர்கள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. அவை தொடங்கப்பட்ட ஆண்டுகளும், அங்கு பயின்று உயர்ந்தோரின் பட்டங்களும் பதவிகளும் நினைவுகூரப்படுகின்றன. ஆனால் அந்தப் பாடசாலைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் எவ்வாறு கற்பிக்கப்பட்டது என்ற கேள்வி அரிதாகவே எழுப்பப்படுகிறது. கணிதம் என்றாலே நம் பிள்ளைகளில் பெரும் பகுதியினர் அஞ்சி ஒதுங்கும் இந்நாளில், அந்தக் கேள்விக்கு விடை தேடுவது வெறும் வரலாற்று ஆர்வம் அன்று. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் வட்டுக்கோட்டையில் கணிதம் கற்பித்த டானியல் பூவர் பாதிரியாரின் வாழ்க்கையை நாம் இன்று திரும்பிப் பார்ப்பதற்குக் காரணமும் அதுவே.

பூவர் 1789 ஆம் ஆண்டு ஜூன் 27 ஆம் திகதி அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் டான்வர்ஸ் என்ற ஊரில் பிறந்தார். டார்ட்மவுத் கல்லூரியில் பயின்று 1811 இல் பட்டம் பெற்றார். அதன்பின் அண்டோவர் இறையியல் கல்லூரியில் கற்றுத் தேறினார். அமெரிக்க மிஷனின் சார்பில் இலங்கைக்கு அனுப்பப்பட்ட முதற் குழுவில் அவர் இடம்பெற்றார். 1815 ஒக்டோபரில் கப்பலேறிய அக்குழு 1816 மார்ச்சில் கொழும்பை வந்தடைந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் குடாநாட்டுக்கு வந்த அவர்களுள் மெய்க்ஸ், றிச்சார்ட்ஸ் ஆகிய இருவரும் வட்டுக்கோட்டையையும், பூவர், வாறன் ஆகிய இருவரும் தெல்லிப்பழையையும் தமது பணிக்களங்களாகக் கொண்டனர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துத் தேவாலயங்களின் இடிபாடுகளே அவர்களுக்கு முதல் இருப்பிடங்களாயின.

தெல்லிப்பழையில் பூவர் 1816 இல் தொடங்கிய இலவசப் பாடசாலையே இன்றைய யூனியன் கல்லூரியின் தொடக்கம். தோழர் வாறன் நோயுற்று 1818 இல் காலமானார். 1821 இல் பூவரின் மனைவி சூசன் தெல்லிப்பழையிலேயே உயிர்நீத்தார். இத்தனை இழப்புகளுக்கு இடையிலும் பூவர் ஊர் திரும்ப எண்ணவில்லை. தமிழை முயன்று கற்று, தமிழிலேயே பேசவும் கற்பிக்கவும் வாதிடவும் வல்லவரானார்.

அவர் வந்தபோது இங்கு கல்வி இல்லாதிருந்தது என்று எண்ணுவது பெருந்தவறு. திண்ணைப் பள்ளிக்கூடங்கள் ஊர்தோறும் இயங்கின. பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துப் பழகினர். எண்சுவடியை உரத்த குரலில் ஓதி மனனம் செய்தனர். முந்திரி என்று வழங்கிய முந்நூற்றிருபதில் ஒரு பங்கு வரையான கீழ்வாய் இலக்கங்களையும் அவற்றின் பெருக்கங்களையும் நாவின் நுனியில் வைத்திருந்தனர். இன்றைய பத்தாம் வகுப்பு மாணவன் தாளும் பேனாவும் இன்றிச் செய்யத் தயங்கும் பின்னக் கணக்குகளை அந்நாளைய சிறுவர் மனத்தாலேயே போட்டனர். நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் வட்டி கணக்கிடவும் அந்தக் கல்வி போதுமானதாக இருந்தது. வாணிகத்தில் ஈடுபட்ட முஸ்லிம் குடும்பங்களுக்கும் இத்தகைய மனக்கணக்கே அன்றாடத் தேவையாக இருந்தது.

ஆனால் அந்தக் கல்வியில் ஏன் என்ற கேள்விக்கு இடமில்லை. ஆசிரியர் சொன்னது சரி. சுவடியில் உள்ளது சரி. அதைச் சரிபார்க்கும் உரிமையோ வழியோ பிள்ளைக்குத் தரப்படவில்லை. இந்த இடத்திலேதான் பூவரின் பணி வேறுபட்டது.

1823 இல் அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் உயர்கல்வி நிலையம் ஒன்றைத் தொடங்கியது. அதனைக் கல்லூரியாக அமைக்கவே அவர்கள் விரும்பித் திட்டம் வெளியிட்டனர். பிரித்தானிய ஆட்சியாளர் அமெரிக்கரின் கல்லூரிக்கு இசையவில்லை. எனவே அது செமினரி என்ற பெயரிலேயே இயங்கியது. அதன் முதல் அதிபராகப் பூவர் பொறுப்பேற்று 1830களின் நடுப்பகுதி வரை அதனை நடத்தினார். ஆங்கிலத்துடன் தமிழ் இலக்கணமும் இலக்கியமும், சமஸ்கிருதமும், யூக்கிளிட்டின் கேத்திரகணிதமும், அட்சரகணிதமும், திரிகோணகணிதமும், வானியலும், பௌதிகமும் அங்கு பாடங்களாயின. தொலைநோக்கி முதலிய அறிவியற் கருவிகளும் இருந்தன. நாட்டின் பிரதம நீதியரசராக இருந்த சேர் றிச்சார்ட் ஒற்லியின் பெயர் தாங்கிய மண்டபம் இன்றும் அவ்வளாகத்தில் நிற்கிறது. 1840களில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் இந்த நிலையத்தை நேரிற் கண்டு, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுடன் ஒப்பிடத்தக்கது என்ற கருத்தைப் பதிவு செய்தார்.

பாடத்திட்டத்தின் பட்டியலைக் காட்டிலும், பூவரின் கற்பித்தல் முறையை விளக்கும் நிகழ்வு ஒன்று 1829 மார்ச் 20 ஆம் திகதி நடைபெற்றது.

அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெருமதிப்புப் பெற்றிருந்த பஞ்சாங்கம் வட்டுக்கோட்டையைச் சேர்ந்த விசுவநாத சாஸ்திரியாரால் கணிக்கப்பட்டது. பரம்பரையாகக் கணிதம் கற்ற குலத்தில் வந்த அவருடைய சொல்லுக்கு ஊரெங்கும் நம்பிக்கை இருந்தது. அவ்வாண்டு மார்ச் மாதம் நிகழவிருந்த சந்திர கிரகணத்தை அவரது பஞ்சாங்கம் குறித்திருந்தது. பூவர் அதே கிரகணத்தை ஐரோப்பிய முறைப்படி கணித்தார். இரண்டு கணிப்புகளும் ஒத்துவரவில்லை. கிரகணம் தொடங்கும் நேரம், அது நீடிக்கும் காலம், சந்திர வட்டம் மறைக்கப்படும் அளவு என்ற மூன்றிலும் வேறுபாடு காணப்பட்டது. தொடங்கும் நேரத்தில் மட்டும் ஏறத்தாழக் கால் மணி நேர வித்தியாசம் இருந்தது.

இத்தகைய நிலையில் ஓர் ஆசிரியர் என்ன செய்யக்கூடும்? தமது நூலே சரியென்று வகுப்பில் அறிவித்திருக்கலாம். அதிபர் என்ற அதிகாரத்தைப் பயன்படுத்தியிருக்கலாம். ஆட்சியாளரின் மொழியில் எழுதப்பட்ட நூல் என்பதையே சான்றாக்கியிருக்கலாம். பூவர் அவற்றைச் செய்யவில்லை. இரண்டு கணிப்புகளையும் முன்கூட்டியே யாவரும் அறியச் செய்தார். கிரகண நாளன்று வந்து கடிகாரத்தையும் வானத்தையும் பார்த்து நீங்களே தீர்மானியுங்கள் என்று மாணவருக்கும் ஊராருக்கும் வாய்ப்பளித்தார்.

ஊரில் பரபரப்பு மிகுந்தது. சாஸ்திரியாரின் கணிதம் பொய்க்காது என்று பலர் உறுதியாக நம்பினர். அன்று மாலை மக்கள் கூடினர். சந்திரன் எழுந்தது. மூன்று அம்சங்களிலும் கிரகணம் பூவரின் கணிப்பை ஒட்டியே நிகழ்ந்தது. கூடியிருந்தோர் கலைந்து சென்றபோது அவர்களோடு ஒரு புதிய எண்ணமும் சென்றது. எத்துணைப் பெரியவர் சொன்னாலும் ஒரு கணக்கைச் சரிபார்க்க முடியும் என்பதே அந்த எண்ணம். சாஸ்திரியாரின் கணக்குக்கு எது பொருந்துமோ அதுவே பூவரின் கணக்குக்கும் பொருந்தும். அன்று வானம் வேறுவிதமாக நடந்திருந்தால் தலைகுனிய வேண்டியவர் செமினரியின் அதிபராகவே இருந்திருப்பார். அந்த ஆபத்தை மாணவர் முன்னிலையில் அவர் ஏற்றுக்கொண்டார் என்பதையே நாம் முதன்மையாகக் கருதுகிறோம்.

இந்த நிகழ்வை மேற்கின் அறிவு கிழக்கின் அறியாமையை வென்ற கதையாகச் சொல்லும் வழக்கம் உண்டு. அது முழு உண்மை அன்று. நம் பஞ்சாங்கக் கணிதம் அறியாமையில் விளைந்ததன்று. ராகுவும் கேதுவும் சந்திரனை விழுங்கும் பாம்புகள் என்பது புராணக் கதை. கணிதநூல்களிலோ அவை சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரு புள்ளிகள். நம் முன்னோர் கிரகணத்தைப் பாம்பைக் கொண்டு கணிக்கவில்லை. புள்ளிகளைக் கொண்டே கணித்தனர். சந்திரனின் இயக்கத்தை 248 நாள்களுக்குரிய 248 வாக்கியங்களில் அடக்கி வைத்திருந்தனர். ஒவ்வொரு வாக்கியத்தின் எழுத்துகளும் ஓர் எண்ணைக் குறித்தன. பாட்டைப் போல அவற்றை மனனம் செய்தவர் சுவடியைப் புரட்டாமலே கணக்கிட முடிந்தது.

இம்முறையின் வலிமையையும் வரம்பையும் ஒருங்கே காட்டும் சான்று ஒன்று புதுச்சேரியில் கிடைத்தது. யோன் வாறன் என்ற ஆய்வாளர் (தெல்லிப்பழையில் பணியாற்றிய வாறன் வேறு, இவர் வேறு) அங்கிருந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் 1825 மே 31 இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்த முறையைப் பதிவு செய்தார். அந்தக் கணிதர் தாளில் எதையும் எழுதவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனத்திலிருந்த வாக்கியங்களைக் கொண்டே முழுக் கணக்கையும் போட்டார். கிரகணத்தின் தொடக்கத்தில் அவருக்கு நேர்ந்த பிழை 4 நிமிடம் மட்டுமே. ஆனால் நடுப்பகுதியில் பிழை 23 நிமிடமாகவும் முடிவில் 52 நிமிடமாகவும் வளர்ந்தது. தாம் செய்யும் ஒவ்வொரு படியும் எதற்காக என்பதை அவரால் விளக்க இயலவில்லை. காரணம் தெரியாததால் பிழை எந்தப் படியில் நுழைந்தது என்பதைக் கண்டுபிடித்துத் திருத்தவும் வழியில்லை.

விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கத்தில் நேர்ந்ததும் இத்தகையதே என்று கருத இடமுண்டு. பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் வகுக்கப்பட்ட வாய்பாடுகள் மாற்றமின்றிக் கைமாறி வந்தன. ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்த நுண்ணிய வேறுபாடுகள் நிமிடங்களாகத் திரண்டன. வானத்தைப் பார்த்துத் திருத்தும் பழக்கம் கைவிடப்பட்டதே குறை. அறிவுக் குறைவு அன்று. வாய்பாட்டை ஆக்கியவர்கள் வானத்தைப் பார்த்தவர்கள். அதை ஓதியவர்கள் வாய்பாட்டை மட்டும் பார்த்தவர்கள். இந்த வேறுபாட்டை நம் கல்விச் சிந்தனையாளர் மனத்தில் இருத்த வேண்டும்.

பூவரின் நோக்கமும் கலப்பற்றதன்று என்பதைச் சொல்லியாக வேண்டும். அவர் ஒரு மதப் பரப்புநர். பஞ்சாங்கத்தின் பிழையைக் காட்டினால் புராணத்தின் மீதான நம்பிக்கை தளரும், அதன்வழி மக்கள் கிறிஸ்தவத்தை நாடுவர் என்பது அவரது எதிர்பார்ப்பு. செமினரி மாணவர் பலருக்கு அமெரிக்கக் கொடையாளரின் பெயர்கள் சூட்டப்பட்டன. இது நம் பண்பாட்டுக்கு நேர்ந்த காயம் என்று கருதியோர் அன்றும் இருந்தனர். நல்லூரில் 1822 இல் பிறந்த ஆறுமுக நாவலர், 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது இந்தச் சூழலுக்கு எதிராகவே. ஆனால் வரலாறு பூவரின் எதிர்பார்ப்பின்படி நடக்கவில்லை. கேள்வி கேட்கப் பழகிய மாணவர், கற்பித்தவரின் சமயத்தையும் கேள்விக்கு உட்படுத்தினர். செமினரியில் பயின்றவர்களுள் சிலர் பின்னாளில் சைவத்துக்கே திரும்பினர். சரிபார்க்கும் பழக்கத்தை ஒரு பாடத்துக்குள் மட்டும் அடைத்து வைக்க எந்த ஆசிரியராலும் இயலாது.

பூவருக்குப் பின் அதிபரான ஹென்றி ஹொய்சிங்ரன் இப்பணியை மேலும் ஒரு படி உயர்த்தினார். நம் நாட்டு வானியலைப் புறந்தள்ளாமல் அதனை முறையாகக் கற்றார். தமிழ்ச் சோதிட நூலொன்றை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1848 இல் பதிப்பித்தார். செமினரியில் பயின்று அங்கேயே கணிதம் கற்பித்த கறோல் விசுவநாதபிள்ளை, அட்சரகணிதத்தை வீசகணிதம் என்ற பெயரில் தமிழில் எழுதி 1855 இல் வெளியிட்டார். இவரும், செமினரியின் மற்றொரு மாணவரான சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய தாமோதரம்பிள்ளையின் பதிப்புப் பணியிலும் சரிபார்க்கும் அந்தப் பழக்கத்தின் சாயலை நாம் காண்கிறோம். ஒரு சுவடி சொல்வதை அப்படியே ஏற்காமல் பல சுவடிகளைச் சாட்சிக்கு அழைப்பதும், ஒரு பஞ்சாங்கம் சொல்வதை அப்படியே ஏற்காமல் வானத்தைச் சாட்சிக்கு அழைப்பதும் ஒரே மனப்பாங்கின் இரு வடிவங்கள்.

பூவர் 1830களின் நடுப்பகுதியில் மதுரைக்குச் சென்று, அப்பகுதியின் ஊர்களில் பாடசாலைகளை நிறுவும் பணியில் ஈடுபட்டார். மதுரை அமெரிக்கன் கல்லூரியின் நூலகம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1841 இல் யாழ்ப்பாணம் மீண்டார். 1840களின் இறுதியில் ஒருமுறை தாயகம் சென்று உரையாற்றித் திரும்பியதைத் தவிர, எஞ்சிய வாழ்நாளை இங்கேயே கழித்தார். 1855 பெப்ரவரியில் குடாநாட்டைச் சூறையாடிய வாந்திபேதி நோய் மானிப்பாயில் அவரையும் கொண்டு சென்றது. அப்போது அவருக்கு வயது 65. அதே ஆண்டில் மிஷன் தலைமையகத்தின் கொள்கை மாற்றத்தால் செமினரியும் மூடப்பட்டது. 1872 இல் அதே வளாகத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

பூவரின் வாழ்க்கை இங்கு முடிவடைகிறது. அவர் எழுப்பிய கேள்வி முடிவடையவில்லை.

இன்றைய கணித வகுப்பறையைச் சற்று உற்று நோக்குவோம். சூத்திரம் கரும்பலகையில் எழுதப்படுகிறது. பிள்ளைகள் அதைப் பிரதி செய்கின்றனர். கடந்தகால வினாத்தாள்கள் செய்விக்கப்படுகின்றன. மாலையில் தனியார் கல்வி நிலையங்களில் அதே சூத்திரமும் அதே வினாத்தாள்களும் மீண்டும் வருகின்றன. வட்டத்தின் பரப்பளவு கேட்டால் விடை வருகிறது. ஏன் அவ்வாறு என்று கேட்டால் மௌனமே விடை. புதுச்சேரிக் கணிதரின் சோழிகளுக்குப் பதிலாக நம் பிள்ளைகளின் கையில் கணிகருவி இருக்கிறது. வாக்கியங்களுக்குப் பதிலாகச் சூத்திரங்கள் இருக்கின்றன. மற்றபடி இருநூறு ஆண்டுகளில் நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது ஐயத்துக்குரியது. அந்தக் கணிதர் தொடக்கத்தில் 4 நிமிடமே பிழைத்தார் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

இதன் விலையைப் பிள்ளைகளே செலுத்துகின்றனர். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் ஒரு வாயிற்படி. அதில் இடறுவோருக்கு உயர்தரக் கல்வி முதல் தொழிற்பயிற்சி வரை பல கதவுகள் மூடிக்கொள்கின்றன. போரினால் இடம்பெயர்ந்து மரநிழல்களிலும் முகாம்களிலும் படித்த தமிழ்ப் பிள்ளைகளும், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தின் கொட்டில்களில் வளர்ந்த முஸ்லிம் பிள்ளைகளும் இழந்த பாட நேரம் கொஞ்சமன்று. வேறு பாடங்களில் விடுபட்ட பகுதியைப் பின்னர் படித்து நிரப்பிக்கொள்ளலாம். கணிதத்தில் ஒரு படி விடுபட்டால் அடுத்த படியில் கால் வைக்க முடியாது. காரணம் அறியாமல் மனனம் செய்த பிள்ளைக்கு எந்தப் படி விடுபட்டது என்பதே தெரியாது. காரணம் அறிந்த பிள்ளையோ விடுபட்டதைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

வானத்தைப் பார்த்துக் கணக்கிடும் தேவை நம் இரு சமூகங்களின் வீடுகளிலும் இன்றும் உயிருடன் இருக்கிறது என்பது நமக்குக் கிடைத்த பேறு. ஒவ்வொரு சித்திரைப் புத்தாண்டின்போதும் வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரத்தையும் திருக்கணித பஞ்சாங்கம் வேறொரு நேரத்தையும் தருகின்றன. பத்திரிகைகள் இரண்டையும் வெளியிடுகின்றன. ஏன் இரண்டு என்று கேட்கும் பிள்ளைக்கு நாம் என்ன விடை சொல்கிறோம்? நோன்பையும் பெருநாளையும் நிர்ணயிக்கும் பிறை குறித்து முஸ்லிம் மக்களிடையே ஆண்டுதோறும் ஆர்வமும் விவாதமும் எழுகின்றன. ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை சராசரியாக 29 நாள் 12 மணி 44 நிமிடம். அதனாலேயே மாதம் சில வேளை 29 நாளாகவும் சில வேளை 30 நாளாகவும் அமைகிறது. இதைத் தன் கையால் பன்னிரண்டு மாதங்களுக்குக் கூட்டிப் பார்க்கும் பிள்ளை, ஏறத்தாழ 354 நாள் என்ற விடையைத் தானே அடையும். பெருநாள் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னோக்கி நகர்வதன் காரணத்தையும் கண்டுகொள்ளும்.

இஸ்லாமிய மரபு இவ்வாராய்ச்சிக்குப் புதியதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மகன் இப்றாஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தபோது மக்கள் இரண்டையும் தொடர்புபடுத்திப் பேசினர். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் நிகழ்வதில்லை என்று நாயகம் அவர்கள் தெளிவுபடுத்தித் தொழுகைக்கு வழிகாட்டினார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத்தில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி இயற்றிய நூலின் பெயரிலிருந்தே அல்ஜிப்ரா என்ற சொல் பிறந்தது. அவர் வகுத்த வானியல் அட்டவணைகளில் இந்தியக் கணித முறைகள் இடம்பெற்றன. இந்தியாவிலிருந்து பக்தாத்துக்கும், அங்கிருந்து ஐரோப்பாவுக்கும், அமெரிக்கர் வழியாக வட்டுக்கோட்டைக்கும் கணிதம் சுற்றி வந்திருக்கிறது. எந்தச் சமயத்தவரும் எந்த இனத்தவரும் கணிதத்தைத் தமது தனியுடைமை என்று உரிமை கோர இயலாது.

செலவின்றிச் செய்யக்கூடிய ஒரு சோதனையை இங்கு குறிப்பிட விரும்புகிறோம். யாழ்ப்பாண நகரம் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 9 பாகை 40 கலை தொலைவில் அமைந்துள்ளது. இதனால் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களில் சூரியன் நண்பகலில் நம் தலைக்கு நேர்மேலே வருகிறது. பாடசாலை முற்றத்தில் செங்குத்தாக நட்ட ஒரு கோலின் நிழல் அப்போது ஏறத்தாழ முற்றாக மறைகிறது. கடிகாரம் அப்போது 12 மணியைக் காட்டாது; 12 மணி 10 நிமிட அளவில் நிற்கும். ஏன் பத்து நிமிடம்? இலங்கையின் பொது நேரம் 82½ பாகை நெடுங்கோட்டுக்கு உரியது. நாம் இருப்பதோ 80 பாகையில். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் எடுக்கிறது. மீதிக் கணக்கைப் பிள்ளைகளே போடுவர்.

அதே கோலை அன்று மாலை வரை கவனித்தால் நிழல் நீண்டுகொண்டே போகும். நிழலின் நீளம் கோலின் உயரத்துக்குச் சமமாகும் வேளை ஒன்று வரும். இலங்கை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ முறைப்படி அந்நாளில் அஸர் தொழுகை நேரம் தொடங்குவது ஏறத்தாழ அப்போதுதான். சூரியன் அப்போது அடிவானத்திலிருந்து 45 பாகை உயரத்தில் நிற்கும். இருசமபக்கச் செங்கோண முக்கோணம் என்று பாடநூலில் படித்தது முற்றத்து மணலில் வரையப்பட்டிருக்கும். ஒரே கோல் இந்துப் பிள்ளைக்குப் புத்தாண்டுச் சூரியனையும் முஸ்லிம் பிள்ளைக்குத் தொழுகை நேரத்தையும் காட்டும். இருவருக்கும் திரிகோணகணிதத்தின் முதற் பாடத்தைக் கற்பிக்கும்.

இத்தகைய கற்பித்தலுக்கு நேரமில்லை, பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும், பரீட்சை நெருங்குகிறது என்று ஆசிரியர்கள் கூறுவதை நாம் அறிவோம். அவர்கள்மீது முழுப் பழியையும் சுமத்துவது நேர்மையாகாது. ஆசிரியரின் திறமையைப் பெறுபேற்று வீதத்தைக் கொண்டு மட்டும் அளக்கும் அதிகாரிகளும், பிள்ளையின் கொப்பியில் எத்தனை பக்கம் எழுதப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் பெற்றோரும் இப்பழியில் பங்காளிகள். பத்திரிகையாளராகிய நாமும் பெறுபேறுகள் வெளியானதும் முதலிடங்களைப் பெற்றோரின் படங்களை வெளியிட்டு அத்துடன் கடமை முடிந்ததாக எண்ணுகிறோம். ஆயினும் தவணைக்கு ஒரு நாளாவது முற்றத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல முடியாத அளவுக்கு எந்தப் பாடத்திட்டமும் இறுக்கமானதன்று. வலயக் கல்வி அலுவலகங்கள் அந்த ஒரு நாளை அங்கீகரித்து, அதற்கான சுதந்திரத்தை ஆசிரியருக்கு வழங்க வேண்டும்.

2010 ஜனவரி 15 ஆம் திகதியும் 2019 டிசம்பர் 26 ஆம் திகதியும் கங்கண சூரிய கிரகணங்களை நம் குடாநாட்டு மக்கள் கண்டனர். 2025 செப்டெம்பர் 7 ஆம் திகதி இரவு முழுச் சந்திர கிரகணம் நிகழ்ந்தது. அன்று எத்தனை பாடசாலைகளில் பிள்ளைகள் கிரகணத்தின் தொடக்க நேரத்தை முன்கூட்டியே எழுதி வைத்து, பின்னர் கடிகாரத்துடன் ஒப்பிட்டுப் பார்த்தனர்? 1829 இல் தொலைநோக்கியும் கடிகாரமும் அரிய பொருள்களாக இருந்த ஊரில் செய்யப்பட்டதை, ஒவ்வொருவர் கையிலும் கடிகாரம் உள்ள இக்காலத்தில் செய்யாமல் விடுவதற்கு நம்மிடம் நியாயமான காரணம் இல்லை.

பூவரின் சமயத்தை ஏற்காதவர்களும் அவரது ஆசிரியத் துணிவை ஏற்கலாம். தம் கணக்குப் பிழைக்கவும் கூடும் என்ற நிலையில் மாணவர் முன் நின்று, தீர்ப்பை அவர்களின் கண்களிடம் ஒப்படைத்த துணிவு அது. யாழ்ப்பாணக் கல்வியின் பெருமை கட்டடங்களிலும் பட்டியல்களிலும் இல்லை. அந்தத் துணிவில்தான் தொடங்கியது. அதை மீட்டெடுக்கப் பெருந்தொகைப் பணமோ புதிய சட்டமோ தேவையில்லை. ஒரு கோலும், ஒரு கடிகாரமும், தெரியவில்லை என்றால் பார்த்துச் சொல்வோம் வாருங்கள் என்று பிள்ளைகளை அழைக்கும் ஓர் ஆசிரியரும் போதும்.